வீட்டுக்கு வீடு ஸ்மார்ட் மீட்டர் முதலிலா, மண்டல மீட்டர் முதலிலா? குடிநீர்க் கசிவு பற்றி ஒரு சந்தேகம்

நீர்க்கணக்கு:

வணக்கம். 6,400 வீட்டு இணைப்புகள் உள்ள ஒரு நகரப் பகுதியின் குடிநீர் விநியோகத்தை ‘ஸ்மார்ட்’ ஆக்க ஒரு திட்ட வரைவு தயாராகிறது. மேல்நிலைத் தொட்டிகள் மூன்று, பகிர்மானக் குழாய் மொத்தம் 71 கி.மீ. பழைய தெருக்களில் வார்ப்பிரும்பு, பிறகு போட்டது பிவிசி, கடைசியாக விரிவாக்கப் பகுதியில் ஹெச்டிபிஇ (அடர் பாலிஎதிலீன் பிளாஸ்டிக்). தொட்டியை விட்டு இறங்கும் நீரில் 38 சதவீதத்துக்கு ரசீதும் இல்லை, கணக்கும் இல்லை. இரண்டு தொட்டிகள் 24 மணி நேரமும் தருகின்றன. மூன்றாவது காலையில் நான்கு மணி நேரம் மட்டும். முக்கால்வாசி வீடுகளில் தரைக்குள் சம்ப்பும் மொட்டைமாடியில் தொட்டியும் உண்டு.

வரைவில் இருப்பது இது: எல்லா வீட்டுக்கும் அல்ட்ராசோனிக் ஸ்மார்ட் மீட்டர், ஒரு கட்டுப்பாட்டு அறை, பெரிய திரை. தொட்டி மீட்டருக்கும் வீட்டு மீட்டர்களின் கூட்டலுக்கும் உள்ள வித்தியாசம்தான் கசிவு என்று எழுதியிருக்கிறார்கள். எனக்கு இந்த வரிசை சரியாகப் படவில்லை. எதை முதலில் செய்ய வேண்டும்? பிளாஸ்டிக் குழாயில் ஒலி சென்சார் வேலை செய்யுமா? ரேடியோ, பேட்டரி பக்கம் எதில் ஏமாறுவார்கள்? தெரிந்தவர்கள் எண்களோடு சொன்னால் நல்லது.

---

வால்வுசாவி:

உங்கள் சந்தேகம் நியாயமானது. தொட்டிக்கும் வீடுகளுக்கும் உள்ள வித்தியாசம் ‘எவ்வளவு’ என்று சொல்லும், ‘எங்கே’ என்று சொல்லாது. அந்த 38-க்குள் மூன்று சரக்கு கலந்திருக்கிறது: மண்ணுக்குள் போகும் கசிவு, தேய்ந்த மீட்டர் விட்டுவிடும் நீர், திருட்டு இணைப்பு. வீட்டு மீட்டரை மாற்றினால் இரண்டாவது குறையும், மூன்றாவது ஓரளவு வெளியே தெரியும். முதலாவது அப்படியே ஓடிக்கொண்டிருக்கும்.

முதலில் மண்டலம் பிரியுங்கள். ஒரு மண்டலத்துக்கு 500 முதல் 3,000 இணைப்புகள் என்பது பரவலாகப் பின்பற்றும் அளவு. உங்களுக்கு ஐந்து அல்லது ஆறு மண்டலம் வரும். கூடுமானவரை ஒரே நுழைவாயில், அதில் ஒரு மீட்டர், மற்ற இணைப்பெல்லாம் எல்லை வால்வில் அடைபட வேண்டும். வரைபடத்தில் கோடு கிழிப்பது அரை நாள் வேலை. எல்லை நிஜமாகவே அடைபட்டிருக்கிறதா என்று பார்ப்பதுதான் மாதக்கணக்கில் இழுக்கும்.

அதற்குப் பூஜ்ய அழுத்தச் சோதனை. இரவு 1 மணிக்கு மேல் எல்லை வால்வுகளை மூடி, மண்டலத்துக்குள் மேடான இடம், தாழ்வான இடம், எல்லையோரம் என நாலைந்து இடத்தில் அழுத்தமானி மாட்டி, கடைசியாக நுழைவாயிலை மூடுங்கள். உள்ளே கசிவும் புழக்கமும் இருப்பதால் அழுத்தம் சில நிமிடங்களில் சரிய வேண்டும். தாழ்வான இடத்தில் மேட்டுக்கும் பள்ளத்துக்கும் உள்ள உயர வித்தியாசம் அளவுக்கு மிச்சம் நிற்கலாம், அது பரவாயில்லை. 6 மீட்டர், 8 மீட்டர் (அழுத்தத்தை நீர் உயரத்தில் சொல்வது வழக்கம்) என்று எல்லா மானியும் ஒரே தளத்தில் நின்றுவிட்டால் எங்கிருந்தோ நீர் வருகிறது. காரணம் இரண்டில் ஒன்று: ஸ்லூஸ் வால்வின் (தகடு இறங்கி அடைக்கும் வால்வு) அடித்தளத்தில் கசடு தங்கி முழுதாக உட்காரவில்லை, அல்லது யாருடைய வரைபடத்திலும் இல்லாத ஒரு பழைய குறுக்கு இணைப்பு. எல்லை வால்வை ஒவ்வொன்றாகக் கேட்புக் கம்பி வைத்துக் கேளுங்கள். மூடிய வால்வில் ‘ஸ்ஸ்’ என்று சத்தம் வந்தால் அது கடத்துகிறது. இரண்டு மூன்று தடவை திறந்து மூடினால் பெரும்பாலும் கசடு அடித்துக்கொண்டு போய்விடும். போகாவிட்டால் வால்வைக் கழற்றித்தான் ஆக வேண்டும். எந்த வால்வு எத்தனை சுற்றில் மூடுகிறது என்று அன்றிரவே எழுதி வையுங்கள். அடுத்த முறை மூன்று சுற்று குறைவாக நின்றால் உள்ளே ஏதோ சிக்கியிருக்கிறது.

அடுத்தது மீட்டர் அளவு. குழாய் 200 மி.மீ. என்றால் மீட்டரும் 200 என்று எழுதிவிடுவார்கள், தவறு அங்கேதான் தொடங்குகிறது. 1,200 இணைப்பு மண்டலத்தில் இரவுப் பாய்வு மணிக்கு 14 கனமீட்டர் என்று வையுங்கள். 200 மி.மீ.யில் அதன் வேகம் நொடிக்கு 0.12 மீட்டர்தான். கசிவை அடைத்துப் பாய்வு 5-க்கு இறங்கினால் 0.04. நீங்கள் ஜெயிக்க ஜெயிக்க மீட்டர் குருடாகும். 150 மி.மீ. போட்டால் இரவில் 0.22, உச்ச நேரத்தில் மணிக்கு 85 கனமீட்டர் போனாலும் 1.3 மீட்டர், தலைவலி இல்லை. மின்காந்த மீட்டருக்கு முன்னால் விட்டத்தைப் போல் ஐந்து மடங்கு நேர்க்குழாய், பின்னால் மூன்று மடங்கு. ரெடியூசர் (குழாய் விட்டத்தைச் சுருக்கும் துண்டு) பக்கத்திலேயே மீட்டரை ஒட்டிவிட்டால் இந்தக் கணக்கு கெடும். குழாய் எப்போதும் நிரம்பியிருக்கும் தாழ்வான இடத்தில் வையுங்கள். இருபுறமும் பிவிசி அல்லது ஹெச்டிபிஇ என்றால் எர்த்திங் வளையம் மறக்கக் கூடாது. அது இல்லாவிட்டால் எண் ஆடிக்கொண்டே இருக்கும், மென்பொருள்காரர்கள் அதைக் ‘கசிவு எச்சரிக்கை’ என்று அனுப்பிக்கொண்டே இருப்பார்கள்.

---

இரவுப்பாய்வு:

மேலே உள்ள அதே 1,200 இணைப்பை எடுத்துக்கொண்டு கணக்கைச் சொல்கிறேன்.

வீட்டுக்கு 4.5 பேர் என்றால் 5,400 பேர். அதிகாலை 2 முதல் 4 வரை ஒரு மணி நேரத்தில் நூற்றுக்கு ஆறு பேர் எழுந்து கழிப்பறைக்குப் போவார்கள், தடவைக்கு 10 லிட்டர் என்பது பழக்கத்தில் உள்ள ஊகம். அது 3.24 கனமீட்டர். 14-இல் அதைக் கழித்தால் 10.76. இதை 24-ஆல் பெருக்காதீர்கள். தொட்டியிலிருந்து தானாக இறங்கும் அமைப்பில் இரவு அழுத்தம் அதிகம், பகலில் குறையும், கசிவும் கூடவே குறையும். அழுத்தப் பதிவைப் பார்த்து 20, 21, 22 என்று ஒரு எண் எடுக்க வேண்டும். 21 என்றால் நாளுக்கு 226 கனமீட்டர். (இரவில் மட்டும் அழுத்தத்தைக் குறைக்கும் வால்வு வைத்திருந்தால் இது தலைகீழாகி 24-ஐத் தாண்டும்.)

இது அதிகமா குறைவா? சர்வதேச நீர் சங்கத்தின் வட்டாரத்தில் 1999 முதல் புழங்கும் ஒரு சூத்திரம் உண்டு. நல்ல நிலையில் பராமரித்தாலும் தவிர்க்க முடியாத கசிவு, நாளுக்கு லிட்டரில்: (18 × பிரதானக் குழாய் நீளம் கி.மீ. + 0.8 × இணைப்பு எண்ணிக்கை) × சராசரி அழுத்தம் மீட்டரில். மீட்டர் வீட்டு எல்லையில் இருந்தால் இது போதும், உள்ளே தள்ளி இருந்தால் அந்த நீளத்துக்குத் தனியாக ஒரு உறுப்பு சேரும். 14 கி.மீ., 1,200 இணைப்பு, 25 மீட்டர் அழுத்தம் என்றால் 30.3 கனமீட்டர். 226-ஐ அதால் வகுத்தால் 7.5 மடங்கு. தோண்ட வேண்டிய மண்டலம்தான்.

இனி உங்கள் சம்ப் விவகாரம். மேலே சொன்ன கணக்கு குழாயிலிருந்து நேரடியாக நீர் எடுக்கும் வீடுகளுக்கானது. பகலில் அழுத்தம் போதாத இடங்களில் சம்ப்பெல்லாம் இரவில்தான் நிரம்பும். அப்போது இரவு 2 மணிப் பாய்வில் பாதி உண்மையான நுகர்வு. அதைக் கசிவென்று நினைத்துத் தெருவைத் தோண்டினால் மண் காய்ந்துதான் இருக்கும். வழி: 40, 50 வீட்டில் மட்டும் 15 நிமிடத்துக்கு ஒருமுறை பதியும் மீட்டர் போட்டு, ஒரு வாரம் இரவு நுகர்வை நேரடியாக அளந்து, அந்தச் சராசரியை 3.24-க்குப் பதிலாகப் போடுங்கள். ஸ்மார்ட் மீட்டரின் முதல் உருப்படியான வேலை இதுதான், 6,400-உம் தேவையில்லை.

நான்கு மணி நேரத் தொட்டிக்கு இந்த முறை அறவே பொருந்தாது. காலியான குழாய் நிரம்புவதும், காற்று வெளியேறுவதும், எல்லாரும் ஒரே நேரத்தில் சம்ப் திறப்பதும் கலந்து ஒரு மலை மாதிரி வளைகோடு வரும். அதில் கசிவைப் பிரிக்க முடியாது. 300 இணைப்பு உள்ள ஒரு துண்டை மட்டும் எல்லையிட்டு நாலைந்து நாள் தொடர்ந்து நீர் விடுங்கள். முதல் நாள் பாய்வு பயமுறுத்தும். சம்ப்பெல்லாம் நிரம்பி மிதவை வால்வு மூடியதும் இறங்கி ஒரு தளத்தில் நிற்கும். அதற்குமேல் இரவில் இறங்க மறுக்கும் எண்தான் அந்தத் துண்டின் கசிவு, அதோடு பழுதான மிதவை வால்வு வழிதலும்.

அழுத்தத்தைப் பற்றி ஒரு வார்த்தை. இரவில் 30 மீட்டரை 20 ஆக்கினால், ஒரு இடத்தைக்கூடத் தோண்டாமல், 10.76 கசிவு சுமார் 7.2 ஆகும். ஓட்டை விறைப்பான இரும்பில் இருந்தால் பலன் கொஞ்சம் குறைவு (8.8), பிளாஸ்டிக்கில் நீளவாட்டுப் பிளவென்றால் அழுத்தத்தோடு வாயும் சுருங்குவதால் 5.9 வரை இறங்கும். அதற்கு அழுத்தத்தைக் குறைக்கும் வால்வு (பிஆர்வி) வைத்தால் முன்னால் ஸ்ட்ரெய்னர் (கசடு வடிகட்டி) வையுங்கள். அந்த வால்வுகள் பெரும்பாலும் சாவது அதை இயக்கும் பைலட் சிறுகுழாயின் குட்டி வடிகட்டி அடைத்துத்தான்.

---

தொட்டிமட்டம்:

எல்லாரும் அடுத்த கட்டத்துக்குப் போய்விட்டீர்கள். 38 என்ற எண்ணே சரிதானா?

தொட்டியின் வெளியேற்ற மீட்டரை யார், எப்போது சோதித்தார்கள் என்று கேளுங்கள். சோதிக்கக் கருவி எதுவும் வேண்டாம், டேப் போதும். தொட்டிக்கு வரும் நீரை நிறுத்துங்கள், மீட்டரைக் குறியுங்கள், மட்டம் 50 செ.மீ. இறங்கியதும் மறுபடி குறியுங்கள். 12 மீட்டர் விட்ட வட்டத் தொட்டியில் ஒரு சென்டிமீட்டர் 1.13 கனமீட்டர், 50 செ.மீ. என்றால் 56.5. மீட்டர் 64 காட்டினால் அது 13 சதவீதம் கூட்டிச் சொல்கிறது, உங்கள் ‘இழப்பில்’ ஒரு பெரிய துண்டு காகிதத்தில் மட்டும் இருக்கிறது. சோதனையின்போது தொட்டியின் வழிதல் குழாயும் ஸ்கவர் வால்வும் (கசடைக் கழுவி வெளியேற்றும் வால்வு) ஒழுகவில்லை என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. வீட்டு மீட்டரை இங்கே கொஞ்சம் குறைத்துப் பேசுகிறார்கள். புனோம் பென் நகரம் 1993-இல் 72 சதவீதம் கணக்கில்லாமல் விட்டது, 2008-இல் 6 சதவீதம் அளவுக்கு வந்தது. அங்கே பழைய குழாய் மாற்றம், இரவில் கசிவு தேடும் குழு எல்லாம் உண்டு. கூடவே எல்லா இணைப்புக்கும் மீட்டர் போட்டார்கள். மீட்டர் வேண்டும். அதில் ரேடியோ இருந்தே ஆக வேண்டுமா என்பதுதான் தனிக் கேள்வி.

சம்ப் உள்ள வீட்டில் மீட்டர் ஏமாறுவதற்கும் காரணம் உண்டு. மிதவை வால்வு மெல்ல மெல்ல மூடும், கடைசி அரைமணி நேரம் நூல் மாதிரி ஓடும். 15 மி.மீ. மீட்டரில் நிரந்தரப் பாய்வு (தொடர்ந்து தாங்கும் பாய்வு) மணிக்கு 2.5 கனமீட்டர், ஆர்160 (அதில் 160-இல் ஒரு பங்கு வரை துல்லியமாக அளக்கும் வகை) என்றால் மணிக்கு 15.6 லிட்டருக்குக் கீழே அதன் துல்லியத்துக்கு உத்தரவாதம் இல்லை. ஆர்400 என்றால் 6.25 லிட்டர். சம்ப் வீடுகளுக்கு ஆர் எண்ணைப் பார்த்து வாங்குங்கள், அல்லது சட்டென்று திறந்து சட்டென்று மூடும் மிதவை வால்வு போடச் சொல்லுங்கள்.

---

அலைவரிசை:

ரேடியோ, பேட்டரி கேட்டீர்கள்.

மண்டல மீட்டரில் முதல் ஏமாற்றம் பல்ஸ் எடை, அதாவது மீட்டர் அனுப்பும் ஒரு மின் துடிப்பு எத்தனை லிட்டரைக் குறிக்கும் என்பது. ஒரு பல்ஸுக்கு 1,000 லிட்டர் என்று தொழிற்சாலையில் வைத்ததை அப்படியே விடுவார்கள். இரவில் மணிக்கு 14 கனமீட்டர், 15 நிமிடத்துக்கு 3.5. அதாவது ஒரு தடவை 3 பல்ஸ், அடுத்த தடவை 4. திரையில் 12, 16, 12, 16 என்று ரம்பம் மாதிரி ஓடும். நடுவில் 2 கனமீட்டர் கசிவு புதிதாக வந்தால் கண்ணுக்கு எளிதில் தெரியாது. பல்ஸுக்கு 10 லிட்டர் வையுங்கள், 350 பல்ஸ் கிடைக்கும்.

வீட்டு மீட்டர் மண்ணுக்கடியில் சேம்பரில், மேலே இரும்பு மூடி. அதில் எந்த அலையும் மூச்சுத் திணறும். லோராவானில் (குறைந்த மின்சாரத்தில் நெடுந்தூரம் அனுப்பும் ரேடியோ முறை) சிக்னல் கெட்டால் கருவி தானாக மெதுவான வேகத்துக்கு மாறும். அதே சின்னச் செய்தி நல்ல சிக்னலில் சுமார் 60 மில்லிநொடியில் முடியும், கடைசிப் படியில் 1.5 நொடி பிடிக்கும். அனுப்பும் மின்சாரச் செலவு சுமார் 25 மடங்கு. ‘பேட்டரி ஆயுள் பத்து ஆண்டு’ என்று ஒப்பந்தத்தில் எழுதும்போது எந்த வேகப் படியில், நாளுக்கு எத்தனை செய்தி என்பதையும் எழுத வைக்க வேண்டும். மூடியை ஃபைபர் வகைக்கு மாற்றுவது பேட்டரி மாற்றுவதைவிட மலிவு. மணிக்கொரு செய்தி வேண்டாம், 24 மணி அளவுகளையும் சேர்த்து நாளுக்கு ஒன்றோ இரண்டோ போதும்.

பேட்டரி 3.6 வோல்ட் லித்தியம் தயோனைல் குளோரைடு. சும்மா கிடக்கும்போது உள்ளே லித்தியத்தின் மேல் ஒரு படலம் படியும், அதனால்தான் வருடக்கணக்கில் தாங்குகிறது. ஆனால் திடீரென்று மோடம் மின்னோட்டம் இழுக்கும்போது அந்தப் படலம் தடுத்து வோல்டேஜ் குப்புற விழும், மோடம் ரீசெட் ஆகும். பேட்டரி நிறைந்திருக்கும், கருவி செத்திருக்கும். கிடங்கில் ஒரு வருடம் கிடந்த சரக்கில் இது சகஜம். இணையாக ஒரு கெப்பாசிட்டர் உள்ள மாடலைக் கேளுங்கள், என்பி-ஐஓடி (கைப்பேசி நெட்வொர்க் வழியே அனுப்பும் முறை) என்றால் கட்டாயம்.

ஐபி68 என்ற நீர்புகாத் தரச்சான்று பெட்டிக்கு. நீர் புகுவது கேபிள் ஒட்டுப்போட்ட இடத்தில். இன்சுலேஷன் டேப் சுற்றிய பல்ஸ் கேபிள் முதல் மழையிலேயே கள்ளப் பல்ஸ் அனுப்பத் தொடங்கும். ஜெல் நிரப்பிய இணைப்பி போடுங்கள்.

---

நீர்க்கணக்கு:

மிக்க நன்றி. அந்த டேப் சோதனையை வரைவில் முதல் வேலையாகச் சேர்க்கிறேன். ஒலி சென்சார் பற்றி யாரும் தொடவில்லையே? விற்பவர்கள் எல்லாத் தெருவிலும் நிரந்தரமாக ஒட்டிவிடச் சொல்கிறார்கள்.

---

இரவுப்பாய்வு:

எல்லாத் தெருவிலும் வேண்டாம். இரவுப் பாய்வு கெட்ட மண்டலத்தில் மட்டும் ஒட்டி, முடிந்ததும் கழற்றி அடுத்த மண்டலத்துக்குக் கொண்டுபோகலாம். வார்ப்பிரும்பில் 150 மீட்டருக்கு ஒன்று தாராளம். பிவிசி, ஹெச்டிபிஇ-யில் சத்தம் 50 மீட்டரிலேயே அடங்கிவிடும், மிஞ்சுவதும் தாழ்ந்த சுருதி மட்டும். அங்கே காந்தம் வைத்து வால்வில் ஒட்டும் வகை காசுக்குக் கேடு, நீருக்குள் முங்கும் ஹைட்ரோபோன் வேண்டும். நான்கு மணி நேரத் தொட்டிப் பகுதியில் சென்சார் சத்தம் கேட்கும் நேரத்தை அதிகாலை 2 மணியிலேயே விட்டுவிடாதீர்கள். அப்போது குழாயில் நீரே இருக்காது, ‘கசிவு இல்லை’ என்று பச்சை விளக்கு எரியும். நீர் விடும் நேரத்துக்கு மாற்றிவையுங்கள்.

---

வால்வுசாவி:

பிளாஸ்டிக்கில் ஹைட்ரோபோனையும் நான் இரண்டாவதாகத்தான் வைப்பேன். முதலில் படிப்படியாக மூடும் சோதனை. இரவில் மண்டல மீட்டரைப் பார்த்துக்கொண்டே கடைக்கோடியிலிருந்து ஒவ்வொரு கிளை வால்வாக 15 நிமிட இடைவெளியில் மூடி வாருங்கள். 90 வீடு உள்ள கிளையை மூடியதும் பாய்வு 4 கனமீட்டர் இறங்கினால் அங்கேதான் ஆள். மூடிய பகுதியில் அழுத்தம் எதிர்மறையாகி ஒழுகும் மூட்டு வழியே சாக்கடை உள்ளே இழுக்காமல் இருக்க, நீண்ட நேரம் மூடி வைக்காமல் சீக்கிரம் திறந்துவிட வேண்டும். ஒரே இரவில் இரண்டு பேர் செய்யும் வேலை.

கிளை தெரிந்த பிறகு கோரிலேட்டர் (இரண்டு சென்சாருக்குச் சத்தம் வந்து சேரும் நேர வித்தியாசத்தை வைத்து ஓட்டையின் இடத்தைச் சொல்லும் கருவி). அதன் கணக்கைத் தெரிந்துவைத்தால் ஏமாற மாட்டீர்கள்: சென்சார்களுக்கு இடையே உள்ள தூரத்திலிருந்து, ஒலி வேகத்தையும் நேர வித்தியாசத்தையும் பெருக்கிக் கழித்து, இரண்டால் வகுத்தால், சத்தம் முதலில் எட்டிய சென்சாரிலிருந்து ஓட்டை உள்ள தூரம். 120 மீட்டர் இடைவெளி, 40 மில்லிநொடி வித்தியாசம். வார்ப்பிரும்பு என்று நொடிக்கு 1,250 மீட்டர் போட்டால் 35 மீட்டரில் தோண்டச் சொல்லும். நிஜத்தில் அது பிவிசியாக இருந்து வேகம் 450 என்றால் ஓட்டை 51-ஆவது மீட்டரில். பதினாறு மீட்டர் தள்ளி ஒரு வீணான குழி. இரும்புக் குழாயில் யாரோ பழுதுபார்க்கையில் 30 மீட்டர் பிவிசி ஒட்டுப்போட்டதைப் பதிவேட்டில் எழுதாமல் விட்டால் பிழை இன்னும் மோசம், கிட்டத்தட்ட 27 மீட்டர். எனவே வெட்டிய ஒவ்வொரு குழியிலும் குழாய் என்ன பொருள், வெளி விட்டம் எவ்வளவு, ஒட்டு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று பதியச் சொல்லுங்கள். கைப்பேசியில் ஒரு படமும் இருப்பிடப் புள்ளியும் போதும்.

அடைத்த அன்றிரவே மண்டலப் பாய்வைப் பாருங்கள். 3 கனமீட்டர் ஓட்டையை அடைத்தும் எண் 1 மட்டும் இறங்கியிருந்தால், அழுத்தம் ஏறியதால் பக்கத்தில் பலவீனமாயிருந்த ஃபெரூல் அல்லது சாடில் (வீட்டு இணைப்பு பிரியும் இடத்துப் பொருத்திகள்) வாய்திறந்திருக்கும். குழியை மூடி ரோடு போடுவதற்குள் அந்த ஐம்பது மீட்டரையும் ஒருமுறை கேட்புக் கம்பியால் கேட்டுவிடுங்கள்.

---

தொட்டிமட்டம்:

எல்லை வால்வு மூடியதும் அதன் இருபுறமும் முட்டுச்சந்து ஆகும். நீர் தேங்கிக் குளோரின் இறங்கும், பழுப்பாக வரும், புகார் வந்ததும் பம்ப் ஆபரேட்டர் பாவம் பார்த்து வால்வைத் திறந்துவிடுவார். மண்டலம் அன்றோடு போச்சு, திரைக்கோ ஒன்றும் தெரியாது. எல்லை வால்வுக்கு இருபக்கமும் ஸ்கவர் வால்வு வைத்து வாரம் ஒருமுறை கழுவிவிட ஆளும் நேரமும் ஒதுக்குங்கள். மூடிய நிலையில் இருக்க வேண்டிய வால்வின் சேம்பர் மூடிக்குச் சிவப்பு பெயின்ட்.